போர்ட் ஒயின் வாங்குறவங்களும் ஊத்துறவங்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டன்ல ரெஸ்டாரன்ட் ஒயின் சர்வீஸ்ல இருக்கேன். டிசம்பர் வந்துட்டா டேபிளுக்கு டேபிள் போர்ட் ஓடும், புதுசா சேர்ந்த பசங்களும் நாங்கல்லாம் ஆரம்பத்துல சறுக்கின அதே இடங்கள்ல வரிசையா சறுக்குவாங்க. கார்க் உடையுறது, மேஜைத்துணியில சிந்துறது எல்லாம் கை பழகப் பழக சரியாயிடும், அதை விட்டுடலாம்.

எல்லா போர்ட்டையும் ஒரே மாதிரி நடத்துறது

இதுதான் எனக்கு இன்னிக்கும் தாங்காத தப்பு. போர்ச்சுகல்ல டோரோ பள்ளத்தாக்குல திராட்சைச் சாறு பாதி நொதிச்சிட்டு இருக்கும்போதே 77 சதவீத திராட்சைச் சாராயத்தை ஊத்தி நிறுத்திடுவாங்க, அதனால இனிப்பும் தங்கிடும், ஆல்கஹாலும் 20 சதவீதத்துக்கிட்ட வந்துடும். இவ்வளவு சாராயம் இருக்கே, திறந்து வச்சா என்ன ஆயிடப்போகுதுன்னு நினைச்சுக்குறாங்க, வினையே அங்கதான் ஆரம்பிக்குது.

டானிங்கிற போர்ட் வகை வருஷக்கணக்கா மரப்பீப்பாய்ல காத்தோட பழகினது. சிவப்பு போய் பழுப்பு ஏறியிருக்கும், திறந்த பாட்டில் ஃப்ரிட்ஜ்ல சில வாரம்கூட தாங்கும். ஒரே நல்ல வருஷத்து திராட்சையில செய்யுற வின்டேஜ் அப்படி இல்ல. ரெண்டு மூணு வருஷத்துல பாட்டிலுக்குள்ள போயிட்டு, அப்புறம் இருபது முப்பது வருஷம் காத்தே படாம கிடக்குது. வயசான பாட்டிலைத் திறந்தா அன்னிக்கோ மறுநாளோ முடிச்சுடணும்.

முன்னாடி வேலை பாத்த ஒரு இடத்துல 1994 வின்டேஜ் ஒண்ணு ஆர்டர் ஆச்சு. பையன் ரேக்ல படுத்திருந்ததை அப்படியே தூக்கிட்டு வந்து, டேபிள்ல நிமித்தி, திறந்து நேரா ஊத்திட்டான். முதல் க்ளாஸ்லயே கலங்கல், கடைசி ரெண்டுலயும் காபித்தூள் மாதிரி மண்டி, பல்லுல நறநறன்னு கடிபட்டுது. அதோட விட்டாங்களா? டேபிள்ல மிச்சம் விட்டுட்டுப் போன பாதி பாட்டிலை பார் ஷெல்ஃப்ல வச்சு ரெண்டு வாரம் க்ளாஸ் கணக்குல வித்தாங்க. வாசனையெல்லாம் செத்துப்போன ஒயினுக்கு முழு விலை, இன்னிக்கு நினைச்சாலும் பத்திக்கிட்டு வருது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். முந்தின நாளே பாட்டிலை நிமித்தி வச்சுடுங்க, மண்டி அடியில இறங்கட்டும். கழுத்துக்குக் கீழ மெழுகுவத்தியோ போன் டார்ச்சோ வச்சுக்கிட்டு, நடுவுல நிமித்தாம ஒரே சாய்ப்புல டீகேன்டர்ல (ஒயினை மாத்தி ஊத்துற கண்ணாடி ஜாடி) ஊத்துங்க. கறுப்பா ஒரு இழை கழுத்தை நோக்கி நகர்றது தெரிஞ்ச உடனே நிறுத்திடுங்க.

லேபிள்ல வருஷம் இருந்தாலே வின்டேஜ்னு முடிவு பண்ணிடாதீங்க. எல்.பி.வி.னு (லேட் பாட்டில்ட் வின்டேஜ்) ஒரு வகை, அதுலயும் வருஷம் இருக்கும், அது நாலுலேருந்து ஆறு வருஷம் பீப்பாய்ல இருந்துட்டு வர்றது, பெரும்பாலும் வடிகட்டினது, நேரா ஊத்தலாம். வடிகட்டாததுன்னு லேபிள்ல போட்டிருந்தா மட்டும் டீகேன்ட் பண்ணுங்க. ஒரே வருஷத்து டானிக்குக் கொல்யைட்டான்னு பேரு, அதுலயும் வருஷம் இருக்கும்.

ஒயினைவிட இனிப்பான டெசர்ட்

தட்டுல இருக்குறது ஒயினைவிட இனிப்பா இருந்தா ஒயின் புளிச்சு, மெலிஞ்சு போகும். ரூபிக்கும் (இளசான, சிவப்பான சாதா போர்ட்) எல்.பி.வி.க்கும் 70 சதவீத டார்க் சாக்லேட். டானிக்கு வறுத்த பாதாம், வால்நட், க்ரெம் ப்ரூலே (மேல சர்க்கரையைக் கருக்கின கஸ்டர்ட்), போர்ச்சுகல்காரங்களோட முட்டை கஸ்டர்ட் டார்ட்டான பாஸ்டெல் டி நாட்டா. பீப்பாய்ல வந்த அந்த கேரமல் வாசனையும் முட்டை கஸ்டர்டோட கருகின மேல்தோலும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டிக்கும்.

வின்டேஜுக்கு ஸ்டில்டன்ங்கிற இங்கிலீஷ் நீல சீஸ்தான். நீல நரம்பு ஓடுற இடமாப் பாத்து நகம் அளவு ஒரு துண்டு எடுத்து, அது நாக்குல கரையும்போது ஒரு சிப். சீஸோட உப்பு ஒயினோட இனிப்பைத் தூக்கும், ஒயினோட துவர்ப்பை சீஸோட கொழுப்பு அடக்கும். ஆனா சீஸை ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்த உடனே வைக்காதீங்க, ஒரு மணி நேரம் வெளிய இருக்கட்டும், ஜில்லுன்னு இருந்தா வெறும் உப்புதான் தெரியும்.

காரமான மெயின் கோர்ஸோட

20 சதவீத ஆல்கஹாலும் மிளகாயும் சேர்ந்தா வாய் எரியும். வேண்டாம்.

ரூம் டெம்பரேச்சர்

ஹீட்டர் ஓடுற ரூம்ல 23, 24 டிகிரி இருக்கும், அதுல ஊத்தினா சாராய நெடிதான் முதல்ல மூக்குல ஏறும். ரூபி, வின்டேஜ் 16லேருந்து 18க்குள்ள. டானி இன்னும் குளிர்ச்சியா, 12லேருந்து 14.

குட்டி லிக்கர் க்ளாஸ்

ஒயிட் ஒயின் க்ளாஸ்ல 75 மில்லி ஊத்துங்க. மூக்கு உள்ள போகணும்.

சாஸுக்கு விலை கூடின பாட்டில்

சுண்ட வச்சா அந்த நுணுக்கம் எதுவும் மிஞ்சாது, சாதா ரூபி போதும். திறந்து நாளான எல்.பி.வி. இருந்தா அதையும் ஊத்தலாம்.