மேற்குச் சுவரின் சூட்டை உள்ளிருந்தே தடுக்க

மாலையில் கை வைத்தால் சுடும் மேற்குச் சுவருக்குத்தான், உட்பக்கம் வெப்பத்தடுப்புப் பலகை ஒட்டும் இந்த வேலை. வரிசை வீடுகளின் பொதுச் சுவருக்கு வீண் செலவு. கூரைக்கடியில் இன்னும் ஒன்றும் போடவில்லையா? பணத்தை முதலில் அங்கே போடுங்கள்.

ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் பின்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்தால் சுவரில் ஈரம் இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மூடாதீர்கள். பினாங்கு ஜார்ஜ்டவுன் கடைவீடுகளின் சுண்ணாம்புச் சுவர்கள் நிலத்து ஈரத்தை உறிஞ்சிக் காற்றில் விடுபவை. அடைத்தால் உப்புப் பூத்துக் காரை உதிரும். அங்கே வெளியே மூங்கில் தட்டி கட்டுவதே மேல்.

காய்ந்த சுவருக்கு 25 மி.மீ. எக்ஸ்பிஎஸ் பலகை (வெப்பம் தடுக்கும் கெட்டியான பிளாஸ்டிக் நுரைப் பலகை). பசையைப் பொட்டுப் பொட்டாக வைத்தால் பின்னால் காற்று ஓடும். ஓரம் முழுக்க விடாமல் தடவுங்கள். இணைப்புகளை ஃபோம் அடித்து அடையுங்கள். பலகை எரியக்கூடியது; அதனால் மேலே 12 மி.மீ. ஜிப்சம் போர்டு கட்டாயம், செங்கல்வரை போகும் திருகாணியோடு. தரை துடைக்கும் நீர் ஏறாதிருக்க அடியில் 1 செ.மீ. இடைவெளி. பிவிசி வயர் பலகையைத் தொட்டால் நாளடைவில் வயரின் உறை இறுகி விரிசல் விடும், குழாய்க்குள் விடுங்கள்.

வினைல் வால்பேப்பர் வேண்டவே வேண்டாம். குளிர்நாட்டு வீடியோக்களில் உட்பக்கம் பிளாஸ்டிக் விரிப்பார்கள். அங்கே ஈரம் உள்ளிருந்து வெளியே போகும். இங்கே நேர்மாறு. வெளி ஈரம் ஏர்கோன் அறைக்குள் வரப் பார்க்கும், வால்பேப்பருக்குப் பின்னால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். சாதா எமல்ஷன் பெயிண்ட் போதும். ஏர்கோனை 24, 25 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள்.