ஆறாத புண்ணுக்கு உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை: செட்டிநாட்டிலிருந்து நகரத்துக்குப் போகுமுன் செய்ய வேண்டியவை

தைப்பூசத்துக்குக் காவடியோடு குன்றக்குடியிலிருந்து பழனிக்கு வெறுங்காலில் நடந்து திரும்பிய என் அப்பச்சியின் (தந்தையின்) இடது பாதத்தில் ஒரு கொப்புளம் உடைந்திருந்தது. 18 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர் என்பதால் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருந்தது. வலி தெரியாததால் கொப்புளம் உடைந்ததும் அவருக்குத் தெரியவில்லை. பங்குனி பிறந்தும் புண் ஆறாமல் எலும்பை எட்டியபோதுதான், காரைக்குடியில் பார்த்த மருத்துவர் உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை என்ற பெயரைச் சொன்னார். மருத்துவமனைகளில் இதை ஹைப்பர்பேரிக் ஆக்சிஜன் தெரபி என்றும், சுருக்கமாக எச்.பி.ஓ.டி. என்றும் சொல்வார்கள். இதற்காகச் சென்னையில் ஆறு வாரம் தங்க நேர்ந்தபோது, முன்பே தெரிந்திருந்தால் பணமும் அலைச்சலும் மிச்சமாகியிருக்குமே என்று நான் வருந்திய செய்திகளை, அதே பாதையில் போக வேண்டியவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் சிகிச்சை என்னவென்று புரிந்துகொள்ள வேண்டும். நாம் சாதாரணமாக மூச்சு விடும்போது ஆக்சிஜனை ஏறத்தாழ முழுவதும் சிவப்பணுக்களே சுமக்கின்றன. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் நேரடியாகக் கரைந்திருப்பது 0.3 மில்லிலிட்டர் மட்டுமே. சேம்பர் எனப்படும் மூடிய அறையில் காற்றழுத்தத்தைக் கூட்டித் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கச் செய்தால், 3 வளிமண்டல அழுத்தத்தில் (நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தின் 3 மடங்கில்) அந்த அளவு 6 மில்லிலிட்டரை நெருங்குகிறது. ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த அறுவை மருத்துவர் போரேமா, சிவப்பணுக்களை அநேகமாக முழுவதும் நீக்கிய பன்றிகளைக்கூட இந்த முறையில் உயிரோடு வைத்திருக்க முடியும் என்று 1960-இல் காட்டினார். ஆறாத புண்ணுக்குப் பொதுவாக 2 முதல் 2.5 வளிமண்டல அழுத்தத்தில், அழுத்தம் ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்து ஏறத்தாழ இரண்டு மணி நேரம், வாரத்துக்கு 5 அல்லது 6 நாள், மொத்தம் 20 முதல் 40 அமர்வு வரை கொடுப்பார்கள். மருத்துவமனைப் பேச்சில் ஓர் அமர்வை ஒரு சிட்டிங் என்பார்கள்.

எவ்வளவு செலவாகும் என்று கேட்பதற்கு முன், எதற்காக இது தேவைப்படுகிறது என்று கேட்க வேண்டும். கடலடியில் மூழ்குவோருக்கு வரும் அழுத்த நோய், இரத்தக் குழாயில் காற்றுக் குமிழி அடைப்பு, கார்பன் மோனாக்சைடு நச்சு, வாயு அழுகல் (கேஸ் கேங்க்ரீன்), கதிர்வீச்சு சிகிச்சைக்குப் பின் தாடை எலும்பு சிதைதல், ஆறாத எலும்புச் சீழ், ஒட்டிய தோல் பிடிக்காமல் போதல், ஆழமான சர்க்கரைப் புண் போன்றவை இதற்கு ஏற்கப்பட்ட காரணங்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், இளமை திரும்புதல் என்று விளம்பரம் செய்பவர்களை நம்ப வேண்டாம். அமெரிக்காவின் உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-இலேயே இதைப் பற்றி மக்களை எச்சரித்தது. பிள்ளைக்காக வீட்டையும் நகையையும் வைத்துப் பணம் புரட்டும் தாய் தந்தையரை எண்ணித்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

காத்திருக்கக் கூடாத இரண்டு நிலைகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பூட்டிய அறையில் ஜெனரேட்டர் புகையோ கரியடுப்புப் புகையோ சூழ்ந்து ஒருவர் மயங்கிக் கிடந்தால், அவரைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து உடனே 108-ஐ அழைக்க வேண்டும். எந்த ஊரில் சேம்பர் இருக்கிறது என்று அவசரப் பிரிவு மருத்துவர் தேடிக்கொள்வார். காலையில் எழும்போது ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால், சளி அடைப்பு என்று எண்ணி வாரக் கணக்கில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருக்காமல் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு மருந்தோடு இந்தச் சிகிச்சையையும் சேர்ப்பதானால், அது முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கப்பட வேண்டியது.

சர்க்கரைப் புண்ணுக்கு அப்படிப் பறக்க வேண்டியதில்லை. ஆனால் வரிசை தவறக் கூடாது. புண்ணில் செத்த தசையை வெட்டி எடுத்தல், கிருமிக்கு ஏற்ற மருந்து, சர்க்கரைக் கட்டுப்பாடு, பாதத்தின் மேல் பாரம் விழாமல் காத்தல், காலுக்கு வரும் இரத்தக் குழாய்களில் அடைப்பு இருக்கிறதா என்று டாப்ளர் (ஒலியலைச் சோதனை) பார்த்தல் ஆகிய ஐந்தும் முடிந்த பின்னரே சேம்பரைப் பற்றிப் பேச வேண்டும். குழாய் அடைபட்ட காலுக்கு ஆக்சிஜன் கலந்த இரத்தம் போய்ச் சேர வழியில்லை. அப்பச்சிக்கு முழங்காலுக்குக் கீழே இருந்த அடைப்பை நீக்கிய பிறகே அமர்வுகள் தொடங்கின. புண்ணை ஆற்றியது அடைப்பு நீங்கியதா ஆக்சிஜனா என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலாது. மருத்துவ உலகிலும் இது முழுவதும் தீர்ந்த கேள்வி அன்று. ஆறு வார அளவில் புண் ஆறுவது கூடுகிறது, ஓராண்டு அளவில் அந்த வேறுபாடு உறுதிப்படவில்லை என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2015-இல் வெளியிட்ட மறுஆய்வு கூறியது. நெதர்லாந்தில் 120 பேரைக் கொண்டு நடந்து 2018-இல் வெளியான ஆய்விலும் கால் இழப்பு குறைந்ததாக உறுதியாக நிறுவப்படவில்லை. ஆகவே இதைத் துணைச் சிகிச்சையாக மட்டுமே எண்ணிப் போக வேண்டும். அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு, சர்க்கரைப் புண்ணின் ஆழத்தையும் தீவிரத்தையும் நிலைகளாகப் பிரிக்கும் வாக்னர் அளவுகோலில் புண் 3-ஆம் நிலையையாவது எட்டியிருந்து, முறையான புண் பராமரிப்பு 30 நாள் நடந்தும் ஆறும் அறிகுறி இல்லாதிருந்தால்தான் இதற்குப் பணம் தருகிறது. நம் மருத்துவரிடமும் அந்த இரண்டையும் கேட்கலாம்: புண் எந்த நிலை, இதுவரை எத்தனை நாள் முறையான பராமரிப்பு நடந்தது.

தோல்வழி ஆக்சிஜன் அளவீடு என்று ஒரு சோதனை உண்டு. புண்ணுக்கு அருகில் தோலின் மேல் ஒரு சிறு உணரியை ஒட்டி, அந்த இடத்துக்கு எவ்வளவு ஆக்சிஜன் வருகிறது என்று பார்ப்பார்கள். சேம்பருக்குள் அது 200 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு மேல் ஏறினால் பயன் கிடைக்கும் வாய்ப்பு நல்லது என்று கொள்கிறார்கள். இந்த வசதி உள்ள இடமாகப் பார்த்துச் சேர்வது, வீணாகும் பத்து அமர்வுகளின் பணத்தை மிச்சப்படுத்தக்கூடும்.

காரைக்குடியிலிருந்து மதுரையும் திருச்சியும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். சென்னை 400 கிலோமீட்டருக்கு மேல். எந்த நகரத்தை எண்ணினாலும், போவதற்கு முன் மருத்துவமனையின் பொது எண்ணோடு நிறுத்தாமல், சேம்பர் பிரிவுக்கே இணைப்புக் கேட்டுப் பேச வேண்டும். சேம்பர் இப்போது இயங்குகிறதா, ஒருவர் படுக்கும் வகையா, பலர் அமரும் வகையா, எத்தனை வளிமண்டல அழுத்தம் வரை போகும், அமர்வு நடக்கும்போது மருத்துவர் அருகில் இருப்பாரா, தீ அணைக்கும் ஏற்பாடு என்ன, தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவுச் சான்று இருக்கிறதா என்று கேட்கத் தயங்க வேண்டாம். 1.3 வளிமண்டலம் மட்டுமே எட்டும் துணிக்கூடாரம் போன்ற மென்சேம்பர்களை அழகு நிலையங்களிலும் உடல்நல மையங்களிலும் வைத்திருக்கிறார்கள். புண்ணுக்கு அவை உதவா. பாதுகாப்பைப் பற்றிய கேள்வி மிகையானதன்று. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு தனியார் மையத்தின் சேம்பருக்குள் தீப்பிடித்து ஐந்து வயதுச் சிறுவன் உயிரிழந்தான்.

பணத்துக்கு வருவோம். ஓர் அமர்வின் விலையை மட்டும் கேட்டுவிட்டு முடிவு செய்வதுதான் நாங்கள் செய்த முதல் தவறு. ஓர் அமர்வு 3,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 30 அமர்வுக்கு 90,000 ரூபாய். அதன் மேல் மருத்துவர் கட்டணம், புண் கட்டு மாற்றுதல், மருந்து, இரத்தப் பரிசோதனை ஆகியவை தனியாக வரும். நாள்தோறும் காரைக்குடியிலிருந்து மதுரைக்குக் காரில் போய் வந்தால் 30 நாளில் 5,400 கிலோமீட்டர் ஆகிறது. புண்ணுள்ள காலைத் தொங்கவிட்டுக்கொண்டு அவ்வளவு தூரம் உட்கார்ந்து போவது நல்லதும் அன்று. அறை எடுத்துத் தங்குவது பெரும்பாலும் சிக்கனம். நகரத்தார் விடுதிகளில் நீண்ட நாள் தங்க இடம் கிடைக்குமா என்று ஊரில் உள்ள பெரியவர்கள் மூலம் முன்கூட்டியே கேட்டு வைக்கலாம். தரைத்தள அறையும், உட்கார்ந்து பயன்படுத்தும் கழிவறையும் வேண்டும் என்று அப்போதே சொல்லிவிட வேண்டும்.

நாங்கள் முதலில் போன ஓர் இடத்தில், காலில் கட்டைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே 40 அமர்வுக்கும் சேர்த்துப் பணம் கட்டச் சொன்னார்கள். சலுகை விலை அன்று மாலை வரைதான் என்றும் சொன்னார்கள். அப்பச்சி பேசாமல் எழுந்து வெளியே வந்துவிட்டார். அவர் செய்தது சரி. பத்துப் பத்து அமர்வாகப் பணம் கட்டுவதையே கேட்டு வாங்க வேண்டும். முழுத் தொகையும் கட்டியே ஆக வேண்டுமென்றால், நடுவில் நிறுத்தினால் நடக்காத அமர்வுக்குப் பணம் திரும்ப வரும் என்பதை எழுத்தில் பெற வேண்டும். முதல் நாள் புண்ணின் நீள அகலத்தை அளந்து, அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, வாரம் ஒரு முறை அதே போல் எடுங்கள். 15 அமர்வுக்குப் பிறகும் மாற்றமே இல்லையென்றால், மேலே தொடர்வதற்கான காரணத்தை மருத்துவர் விளக்க வேண்டும். மருத்துவமனைகள் தரும் சிகிச்சைக்குச் சரக்கு சேவை வரி விலக்கு உண்டு என்பதால், சிகிச்சைக் கட்டணத்தின் மேல் அந்த வரியைப் போட்டிருந்தால் கேட்கலாம்.

காப்பீட்டைப் பொறுத்தவரை, பாலிசிப் புத்தகத்தில் விலக்குகள் என்ற பகுதியை முதலில் திறந்து, ஹைப்பர்பேரிக் என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். நம் நாட்டுத் தனியார் பாலிசிகள் பலவற்றில் இச்சிகிச்சை பெயர் சொல்லியே விலக்கப்பட்டிருக்கிறது. அப்படி இல்லையென்றாலும், 24 மணி நேரம் உள்நோயாளியாக இருந்தால்தான் பணம் என்ற நிபந்தனை வெளிநோயாளியாக வந்து போகும் அமர்வுகளைத் தடுத்துவிடும். புண்ணை வெட்டித் தூய்மை செய்வதற்காகவோ அடைப்பை நீக்குவதற்காகவோ உண்மையாகவே சேர்க்கப்பட்டிருந்தால், அந்நாள்களில் நடந்த அமர்வுகளையும், மருத்துவமனையை விட்டு வந்த பின் பாலிசி அனுமதிக்கும் நாள்களில் (பெரும்பாலும் 60 நாள்) நடந்தவற்றையும் கேட்டுப் பார்க்க இடமுண்டு. இதற்காகவே போய்ப் படுத்துக்கொள்வது கூடாது. தேவையின்றிச் சேர்ந்ததாகச் சொல்லி எல்லாவற்றையும் மறுத்துவிடுவார்கள். முன் அனுமதிக் கடிதத்தில் நோயின் பெயர், வாக்னர் நிலை, இதுவரை நடந்த பராமரிப்பும் அதன் நாள்களும், டாப்ளர் முடிவு, கேட்கும் அமர்வுகளின் எண்ணிக்கை, அழுத்தம், கால அளவு ஆகியவற்றை மருத்துவர் எழுத வேண்டும். காப்பீட்டு நிறுவனம் மறுத்தால், மறுப்பை எந்த விதி எண்ணின் கீழ் என்று எழுத்தில் கேட்டு வாங்கி, முதலில் அதன் குறைதீர் பிரிவுக்கு எழுத வேண்டும். 30 நாளில் பதில் வரவில்லை என்றாலோ பதில் நிறைவளிக்கவில்லை என்றாலோ, ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவுகிறது. இந்தச் சிகிச்சை உங்கள் நிலைக்கு அத்திட்டத்தின் பட்டியலில் வருகிறதா என்பதை, மருத்துவமனையில் உள்ள திட்ட அலுவலரிடம் சிகிச்சைக் குறியீட்டு எண்ணோடு கேட்க வேண்டும். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணிலும் கேட்கலாம். சேம்பர் வராவிட்டாலும் அதற்கு முன் செய்ய வேண்டிய அறுவை திட்டத்தில் வருமானால், கைப்பணத்தை அமர்வுகளுக்கு வைத்துக்கொள்ளலாம். 70 வயது நிறைந்தவர்களுக்கு 2024 அக்டோபர் முதல் வருமான வரம்பின்றி ஆயுஷ்மான் பாரத் அட்டை கிடைக்கிறது. வருமான வரி கட்டும் பிள்ளைகள், காப்பீடு இல்லாத மூத்த குடிமக்களான தாய் தந்தையருக்குச் செய்த மருத்துவச் செலவில் 50,000 ரூபாய் வரை பழைய வரிமுறையில் கழிவு கேட்கலாம்; அதற்கு ரொக்கமாகக் கட்டியிருக்கக் கூடாது என்பதால், தொடக்கம் முதலே வங்கி வழியாகக் கட்டி ரசீதுகளை ஒரே கோப்பில் வையுங்கள்.

அமர்வு தொடங்குமுன் மார்பு எக்ஸ்ரே, காதுப் பரிசோதனை, சர்க்கரை அளவு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிந்து நிற்கும் நிலை இருந்தால், அதைச் சரிசெய்யும் வரை சேம்பருக்குள் போகவே கூடாது. வலிப்பு, ஆஸ்துமா, காது அறுவை, பேஸ்மேக்கர், முன்பு எடுத்த புற்றுநோய் மருந்துகள் என எதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உள்ளே சர்க்கரை இறங்கும் என்பதால் வெறும் வயிற்றோடு போகக் கூடாது. ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் போவது இன்னும் ஆபத்து. அழுத்தம் ஏறும்போது விமானத்தில் போல் காது அடைக்கும்; எச்சிலை விழுங்கியோ மூக்கைப் பிடித்து மெல்ல ஊதியோ திறக்க வேண்டும், வலித்தால் உடனே கையைக் காட்ட வேண்டும். நெடுநாள் அமர்வில் சிலருக்குத் தூரப் பார்வை மங்கும். பெரும்பாலும் சில வாரங்களில் திரும்பும் என்பதால் நடுவில் புதுக் கண்ணாடி வாங்கிவிட வேண்டாம்.

தீயைத் தவிர்ப்பதற்கான கட்டுப்பாடுகளில் நம் வீட்டுப் பெரியவர்களுக்குத்தான் சங்கடம் அதிகம். தலைக்கு நல்லெண்ணெய், மூட்டுக்குத் தைலம், முகத்துக்குக் கிரீம், நறுமணப் பூச்சு எதுவும் அன்று கூடாது. பட்டும் நைலானும் கூடாது. அவர்கள் தரும் பருத்தி உடையே நல்லது. செல்பேசி, கைக்கடிகாரம், காதுக் கருவி, கைசூடாக்கும் பை எல்லாம் வெளியே இருக்க வேண்டும். எளிதில் கழற்ற முடியாத தாலிச் சங்கிலி, மோதிரம் பற்றி முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். ஆத்தாமார் பலர் அந்த நேரத்தில் கலங்கிப்போவதைப் பார்த்திருக்கிறேன். புகைபிடிப்பவர் அந்த வாரங்களில் முழுவதும் நிறுத்தியாக வேண்டும், இல்லையென்றால் கொடுக்கும் ஆக்சிஜனின் பயனை அவரே குறைத்துக்கொள்கிறார்.

கடைசி அமர்வு முடிந்த நாளில், நடந்த அமர்வுகளின் தேதியும் அழுத்தமும் குறித்த பட்டியல், புண்ணின் முதல் அளவும் கடைசி அளவும், முத்திரையிட்ட முழு ரசீது, மேற்கொண்டு கட்டு மாற்ற வேண்டிய முறை ஆகிய நான்கையும் கையில் வாங்கிக்கொண்டு புறப்படுங்கள். ஊருக்கு வந்தபின் அஞ்சலில் வரும் என்று விட்டுவிட்டால் காப்பீட்டுக் கெடு கடந்துவிடும். பாத அளவெடுத்துச் செய்த எம்.சி.ஆர். (மென்மையான நுண்துளை ரப்பர்) செருப்பை நகரத்திலேயே வாங்கிவிடுவது நல்லது. வளவுக்குள்ளும் அதைப் போட்டுக்கொண்டே நடக்க அப்பச்சி முதலில் ஒப்பவில்லை. வீட்டுக்குள் போடுவதற்கென்று தனியாக இன்னொரு ஜோடி வாங்கி முகப்பில் வைத்த பிறகே இசைந்தார்.