சுகாதாரத் தகவலியல் மாணவருக்குத் தேடல் வகுப்பு: நூலகருக்குச் சில செய்முறைகள்

கொழும்பில் இந்தப் பாடத்துக்கு வருவோரில் பலர் வேலையில் இருக்கும் வைத்தியர்கள். ஆகவே நூலகச் சுற்றுலாவை விடுங்கள். 90 நிமிடமும் பப்மெட் (மருத்துவக் கட்டுரைகளின் இணையத் தரவுத்தளம்) தேடலுக்கே போகட்டும்.

முதலில் கேள்வியைத் துண்டாக்கச் சொல்லுங்கள். உதாரணம்: டெங்கு கண்காணிப்பில் கைப்பேசிச் செயலி பயன்படுமா? டெங்கு, கண்காணிப்பு, செயலி என மூன்று கருத்துகள். ஒவ்வொன்றுக்கும் மெஷ் தலைப்பையும் (கட்டுரைகளுக்குச் சூட்டப்படும் நிலையான பொருட்சொல்), கட்டுரையின் தலைப்பிலும் சுருக்கத்திலும் வரக்கூடிய சாதாரணச் சொற்களையும் எழுதி ‘ஓர்’ (OR) போட்டு அடைப்புக்குறிக்குள் இடுங்கள். பிறகு மூன்றையும் ‘அண்ட்’ (AND) கொண்டு இணையுங்கள். அடைப்புக்குறியை மறந்தால் பப்மெட் இடமிருந்து வலமாகவே வாசிக்கும், முடிவு குழம்பும். இணைப்புச் சொற்கள் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

பெரும்பாலானோர் சறுக்குவது மெஷ்ஷை மட்டும் நம்புவதில்தான். பப்மெட்டில் உள்ள எல்லாக் கட்டுரைக்கும் மெஷ் கிடையாது. தகவலியல் மாநாட்டுக் கட்டுரைகள் பல அங்கே இருப்பதேயில்லை. அவற்றுக்கு ஐ.ஈ.ஈ.ஈ. என்ற பொறியியலாளர் அமைப்பின் தரவுத்தளத்தையும் காட்டுங்கள். பல விகுதிகளையும் பிடிக்கச் சொல்லின் ஈற்றில் நட்சத்திரக் குறி (*) இட்டால் தானியங்கிச் சொற்பொருத்தம் (நாம் இட்ட சொல்லுக்கு ஏற்ற மெஷ் தலைப்பை பப்மெட் தானே சேர்ப்பது) நின்றுவிடும் என்பதையும் சொல்லிவையுங்கள்.

கடைசி 15 நிமிடம்: தேடல் வரி, தேதி, கிடைத்த எண்ணிக்கை மூன்றையும் சேமிக்க வையுங்கள். ஆய்வேட்டில் இவற்றைக் கேட்பார்கள்.