பைனாகுலரில் வியாழனின் நான்கு நிலவுகள்: பார்த்து வரைவது எப்படி?

வானியல் பழக நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் தொலைநோக்கி வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒரு 10×50 பைனாகுலர் (10 மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 50 மி.மீ.), ஒரு நோட்டு, ஒரு பென்சில் போதும். வியாழனின் நான்கு பெரிய நிலவுகளும் இரவுக்கு இரவு இடம் மாறுவதைக் கண்ணாரப் பார்க்கலாம்.

படி 1: வியாழனைக் கண்டுபிடியுங்கள்

சூரியனும் நிலவும் வானில் போகும் பாதையை ஒட்டியே கோள்களும் இருக்கும். அங்கே அதிகம் மினுக்காமல் நிலையாக ஒளிரும் வெண்மஞ்சள் புள்ளியைத் தேடுங்கள். பலரும் வெள்ளியைப் பார்த்து வியாழன் என்று நினைத்துக்கொள்வார்கள். வெள்ளி சூரியனை விட்டு 47 டிகிரிக்கு மேல் விலகாது. அதனால் நள்ளிரவில் உயரத்தில் பளிச்சென்று தெரிவது வெள்ளியாக இருக்க முடியாது. சந்தேகம் இருந்தால் ஸ்டெல்லேரியம் செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள். சுமார் 13 மாதங்களுக்கு ஒருமுறை வியாழன் சூரியனுக்கு நேர் எதிரே வந்து இரவு முழுக்கத் தெரியும். தொடங்குவதற்கு அதுவே நல்ல சமயம்.

படி 2: ஆட்டத்தை நிறுத்துங்கள்

10 மடங்கு பெரிதாக்கும் கருவி கை நடுக்கத்தையும் 10 மடங்காக்கிவிடும். நிலவுகள் தெரியவில்லை என்று சொல்பவர்களில் பெரும்பாலோருக்குச் சிக்கல் இதுதான். முக்காலியில் பொருத்துங்கள், இல்லையென்றால் முழங்கைகளைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிக்கொள்ளுங்கள். ஒரு பிரகாசமான நட்சத்திரம் மிகச் சிறிய புள்ளியாகும் வரை ஃபோகஸ் திருகைத் திருப்பிவிட்டு, பிறகு வியாழனுக்கு வாருங்கள்.

பகலில் பைனாகுலரைச் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது. பார்வை போய்விடும்.

படி 3: பொறுமையாகப் பாருங்கள்

வியாழன் சின்ன வட்டாகத் தெரியும். அதன் இருபுறமும், ஏறக்குறைய ஒரே கோட்டில், ஊசிமுனைப் புள்ளிகள். நான்கு நிலவுகளும் வியாழனின் நடுக்கோட்டுத் தளத்திலேயே சுற்றுகின்றன. அந்தத் தளத்தை நாம் விளிம்புப் பக்கமாகப் பார்ப்பதால்தான் இந்தக் கோடு. சில இரவுகளில் இரண்டு மூன்றுதான் இருக்கும். மற்றவை வியாழனுக்கு முன்னாலோ பின்னாலோ போயிருக்கும். வியாழனின் ஒளி கூசினால், அது மட்டும் ஒரு சுவரின் விளிம்புக்குப் பின்னால் மறையும்படி நகர்ந்து நின்று பாருங்கள். புள்ளிகள் சட்டென்று துலங்கும்.

படி 4: வரையுங்கள்

இந்தப் படியை மட்டும் விட்டுவிடாதீர்கள். நடுவில் ஒரு வட்டம், பார்த்த இடத்தில் புள்ளிகள், பக்கத்தில் தேதி, நேரம். கருவியை அசைக்காமல் வைத்தால் வியாழன் எந்தப் பக்கம் நகர்ந்து வெளியேறுகிறதோ, அது மேற்கு, அதையும் குறியுங்கள்.

1610 ஜனவரி 7 அன்று கலிலியோ செய்ததும் இதே வேலைதான். வியாழனுக்குக் கிழக்கே இரண்டு, மேற்கே ஒன்று என மூன்று புள்ளிகளை வரைந்தார். மறுநாள் மூன்றுமே மேற்கே இருந்தன. 13ஆம் தேதி நான்காவதும் கண்ணில் பட்டது. இவை வியாழனைத்தான் சுற்றுகின்றன என்பதை அவருக்குக் காட்டியது, அடுத்தடுத்த இரவுகளின் படங்களை ஒப்பிட்டதுதான்.

படி 5: பெயர் சூட்டுங்கள்

இரண்டு வாரப் படங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குங்கள். வியாழனின் விட்டத்தைப் போல 8 மடங்குக்கு மேல் தள்ளி நிற்பது நிச்சயம் கலிஸ்டோ. வேறெதுவும் அவ்வளவு தூரம் போகாது. அது ஒரு சுற்றுக்கு 16.7 நாள் எடுக்கும். ஏழு நாளில் சுற்றி வருவது கனிமீட், புதன் கோளையே விடப் பெரியது. மூன்றரை நாளில் சுற்றுவது யூரோப்பா. அதன் பனி ஓட்டுக்கு அடியில் கடல் இருப்பதற்கான சான்றுகள் வலுவாக இருப்பதால்தான் 2024 அக்டோபரில் யூரோப்பா கிளிப்பர் விண்கலத்தை ஏவினார்கள். வியாழனை ஒட்டியே நின்று 42 மணி நேரத்தில் சுற்றிவிடுவது அயோ. 1979இல் வாயேஜர் 1 விண்கலம் அதில் எரிமலைகள் வெடிப்பதைப் படம் பிடித்தது.

எல்லாவற்றுக்கும் பெயர் எழுதிய பிறகு, அந்தத் தேதிகளை ஸ்டெல்லேரியத்தில் போட்டுச் சரிபாருங்கள். அதற்கு முன்னால் பார்க்காதீர்கள். இவற்றை நீங்களே கண்டுபிடிக்கும் இன்பம் கைநழுவிவிடும்.