பிளஸ் டூ ஆங்கிலப் பத்திகள்: மதிப்பெண் கரையும் இடங்கள்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மாலை ஆறரைக்கு டியூஷன் தொடங்கும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டவர்கள் ஏழு மணிக்குத்தான் வந்து சேருவார்கள். அதுவரை வந்தவர்கள் சும்மா இருப்பதில்லை, கைடைத் திறந்து வைத்துக்கொண்டு பத்திகளைச் சத்தமாக உருப்போடுவார்கள். பிப்ரவரி பிறந்துவிட்டால் அந்தச் சத்தம் கீழ்வீடு வரை கேட்கும். படியேறி வரும்போதே நான் ஒரு கேள்வி கேட்பேன்: "கடைசியாக எந்தப் பத்தியைப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுதிப் பார்த்தாய்?" மாடி அமைதியாகிவிடும்.

எங்கள் பகுதிப் பிள்ளைகள் ஆங்கிலம் வராததால் மதிப்பெண் இழக்கிறார்கள் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். பதினைந்து ஆண்டுகளாக விடைத்தாள் திருத்திப் பார்த்ததில் எனக்கு அப்படித் தோன்றவில்லை. வருகிற ஆங்கிலத்தையே எழுதிப் பழகாததால் இழப்பதுதான் அதிகம். பத்தி என்பது கை செய்யும் வேலை. இவர்கள் அதை வாய்க்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். வினாத்தாள் 90 மதிப்பெண், நேரம் 3 மணி. 180 நிமிடத்தை 90ஆல் வகுத்தால் மதிப்பெண்ணுக்கு 2 நிமிடம். நான்காம் பகுதியில் 5 மதிப்பெண் வினாக்கள் 7 வருகின்றன, ஆக மொத்தம் 35. உரைநடை, செய்யுள், துணைப்பாடம் ஆகியவற்றிலிருந்து கேட்கப்படும் பத்திகள் எல்லாம் இங்கேதான் வரும். ஒரு பத்தி சுமார் 150 சொற்கள் இருக்க வேண்டும். வரிக்கு எட்டுச் சொல் என்று வைத்தால் பத்தொன்பது வரி, அதாவது ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும்.

நடப்பதோ வேறு. நன்றாக மனப்பாடமான பத்தி முதலில் வந்துவிட்டால் போதும், இரண்டரைப் பக்கம் ஓடும். இருபத்தைந்து நிமிடம் போய்விடும். அந்தப் பத்திக்கும் ஐந்துக்கு மேல் கிடைக்காது. கூடுதலாகப் போன பதினைந்து நிமிடத்தைப் பின்னால் வரும் வினாக்களிடமிருந்துதான் பிடுங்க வேண்டும். முதல் பத்திக்கு விருந்து, கடைசிப் பத்திக்குப் பட்டினி. கடைசி வினாவில் பாதி வாக்கியத்தோடு நின்றுபோன தாள்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். ஒரு மதிப்பெண் வினாக்கள் இருபதுக்கும் நாற்பது நிமிடம் ஆகாது, பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அங்கே மிச்சமாவதைப் பத்திகளுக்குப் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு நிமிடம் வரை தாராளமாகக் கிடைக்கும். ஆனால் பன்னிரண்டு நிமிடம் எவ்வளவு நீளம் என்பது கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு வழி சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு தினமும் ஒரு பத்தி எழுதுவதுதான். பத்துப் பத்திகளை வாசிப்பதை விட அது மேல்.

அடுத்தது, எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் 'பொதுப் பத்தி'. எந்தப் பாடத்துக்கும் பொருந்தும் என்று சொல்லி ஒரே பத்தியைப் பிள்ளைகளின் கையில் கொடுத்துவிடுகிறார்கள். ஆசிரியர் புகழ்பெற்றவர், கதை அழகாகச் சொல்லப்பட்டிருக்கிறது, நாயகன் துன்பங்களைத் துணிவோடு எதிர்கொள்கிறான், நமக்கு நல்ல நீதி கிடைக்கிறது. இவ்வளவுதான் அதில் இருக்கும். நடுநடுவே இருக்கும் கோடிட்ட இடங்களில் பாடத்தின் பெயரையும் ஆசிரியரின் பெயரையும் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

ஒரு மாணவி அதைக் கி. ராஜநாராயணனின் நாற்காலிக் கதைக்கு எழுதிக் கொண்டுவந்தாள். அந்தக் கதை ஆங்கில வடிவில் பாடமாக இருக்கிறது. நாயகன் துணிவோடு துன்பங்களை எதிர்கொண்டான் என்று எழுதியிருந்தாள். "யார் அம்மா நாயகன்?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "நாற்காலிதான் மிஸ்" என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, கதையைத் தமிழில் சொல்லச் சொன்னேன். வீட்டுக்கு வந்த சப் ஜட்ஜ் முக்காலியிலிருந்து உருண்டு விழுந்ததையும், ஆசை ஆசையாகச் செய்துவந்த நாற்காலியை ஊரில் சாவு விழும்போதெல்லாம் பிணத்தை உட்காரவைக்க இரவல் கேட்டு வந்ததையும் அவள் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். கதை அவளிடம் முழுதாக இருந்தது. அதை ஓரம் கட்டிவிட்டு யாரோ கொடுத்த வெற்றுப் பத்தியை எழுதியிருக்கிறாள். முக்காலி, சப் ஜட்ஜ், சாவு வீடு என்ற மூன்றையும் தொட்டு எளிய ஆங்கிலத்தில் எட்டு வாக்கியம் எழுதியிருந்தால், பிழைகள் இருந்தாலும், பாடம் படித்த பிள்ளை என்று திருத்துபவருக்குத் தெரிந்திருக்கும். எதுவுமே எழுத வராதவருக்குப் பொதுப் பத்தி வெற்றிடத்தை நிரப்ப உதவலாம். மற்றவர்களுக்கு அது இருப்பதையும் மறைக்கும் போர்வை.

இதன் நவீனத் தம்பி, கைப்பேசி எழுதித் தரும் கட்டுரை. கேட்டால் நொடியில் தருகிறது, பிழையே இருப்பதில்லை. ஆனால் அதிலுள்ள சொற்களை அந்தப் பிள்ளை வாழ்நாளில் ஒருமுறைகூட எழுதியிருக்காது. தேர்வறையில் நான்காம் வரியில் ஒரு சொல் மறந்தால் மீதி முழுவதும் சரிந்துவிடும். சொந்த வாக்கியத்தில் ஒரு சொல் மறந்தால் பக்கத்துச் சொல்லைப் போட்டு நகர்ந்துவிடலாம். தேர்வுக்கு முதல் நாள் இரவு வாட்ஸ்அப்பில் வரும் 'நிச்சயம் வரும் வினாக்கள்' பட்டியலைப் பற்றிப் பேசவே விரும்பவில்லை.

இனி மொழி. 'ஆங்கிலத்திலேயே யோசி' என்று பலர் சொல்வார்கள். வீட்டிலும் தெருவிலும் தமிழ் பேசி வளர்ந்த பிள்ளையிடம் தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது இதைச் சொல்வதில் பயன் இல்லை. தமிழிலேயே யோசிக்கட்டும். ஆனால் தமிழ் வாக்கியத்தை முதலில் உடைக்க வேண்டும். உடைக்காமல் அப்படியே தூக்கி ஆங்கிலத்தில் வைப்பதுதான் தவறு.

ஏன் என்று ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். காசிமேட்டிலிருந்து வரும் மாணவன் ஒருவன். அவனுடைய அப்பா ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர். 'உழைப்பின் உயர்வு' என்று பொதுத் தலைப்புக் கொடுத்தேன். விவசாயி நாட்டின் முதுகெலும்பு என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதியிருந்தான். வயலை நேரில் பார்த்திருக்கிறானா என்று கேட்டால் ரயிலில் போகும்போது பார்த்தானாம். "நேற்று அப்பா எத்தனை மணிக்குக் கிளம்பினார்?" என்று கேட்டேன். உடனே சொன்னான்: "இரண்டு மணிக்கு எழுந்து, முகம் கழுவி, டீ குடித்து, வலையை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனார் மிஸ்."

அழகான தமிழ் வாக்கியம். அதை அவன் ஆங்கிலமாக்கியபோது எழுந்து, கழுவி, குடித்து, எடுத்து என்ற நான்கும் 'இங்' போட்டு வரிசையாக நின்றன: வேக்கிங், வாஷிங், டிரிங்கிங், டேக்கிங் அண்ட் வென்ட். தமிழில் எத்தனை வினையெச்சங்களை வேண்டுமானாலும் கோக்கலாம், கடைசியில் ஒரே ஒரு வினைமுற்று வந்தால் போதும், மொத்தத்தையும் அது தாங்கிவிடும். ஆங்கிலம் அப்படித் தாங்காது. நம் பிள்ளைகளின் ஆங்கில வாக்கியம் உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வாக்கியத்தைத் தமிழிலேயே துண்டாக்கச் சொன்னேன். அப்பா இரண்டு மணிக்கு எழுந்தார். அவர் டீ குடித்தார். அவர் வலையை எடுத்தார். அவர் கடலுக்குப் போனார். ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுவாய், ஒரு முற்று. இப்போது ஆங்கிலம் தானாக வந்தது, நான்கும் இறந்தகாலத்தில் சரியாக அமைந்தன. பிறகு ஐஸ் பெட்டி, டீசல் செலவு, கரைக்கு வந்ததும் ஏலம், சில நாள் வெறும் வலை என்று பதினேழு வரி எழுதினான். அதில் ஆறு பிழைகள் இருந்தன, ஆனால் பொய் ஒன்றுகூட இல்லை.

இன்னொரு பிழை வேடிக்கையானது. படர்க்கை ஒருமை நிகழ்காலத்தில் வினையோடு சேரும் 'எஸ்' எல்லாருக்கும் மறந்துபோகும். ஆனால் இதே பிள்ளைகள் தமிழில் 'அவன் வருகிறார்கள்' என்று தூக்கத்தில்கூடச் சொல்ல மாட்டார்கள். வருகிறேன், வருகிறாய், வருகிறான், வருகிறாள், வருகிறார், வருகிறது என்று இத்தனை விகுதிகளைச் சிரமமே இல்லாமல் ஆள்கிறவர்களிடம் ஆங்கிலம் கேட்பது ஒரே ஓர் எழுத்து. இதைச் சொன்னால் வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள், சில நாளாவது நினைவில் வைப்பார்கள். 'ஒன் ஆஃப்' என்று தொடங்கினால் அடுத்து வரும் பெயர் பன்மை, 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குப் பின் 'அபௌட்' தேவையில்லை என்பவற்றை அவரவர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம். பட்டியல் அவரவருடையதாக இருக்க வேண்டும். அடுத்தவர் பிழையைப் படித்து என்ன லாபம்?

பொதுத் தலைப்புகளில் சுற்றுச்சூழல் மாசு அடிக்கடி வரும். எண்ணூரிலிருந்து வரும் பிள்ளைகள்கூட டெல்லிப் புகையைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். வீட்டு மாடியிலிருந்து அனல் மின்நிலையத்தின் புகைபோக்கி தெரிகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்து, படகும் வலையும் கறுத்துப்போனதை அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். அதை எழுதலாமா என்று தயங்குகிறார்கள், கைடில் இல்லையே என்று. ஆண்டும் இடமும் போட்டு இரண்டு வரி எழுதினால் அந்தப் பத்தி மற்ற தாள்களிலிருந்து தனியாகத் தெரியும். நம் ஊர் எழுதத் தகுந்ததல்ல என்ற எண்ணத்தை யார் இவர்களிடம் விதைத்தார்கள் என்று எனக்குக் கோபம் வரும்.

மீதித் தவறுகள் சின்னவை, ஆனால் வலிக்கும். செய்யுள் வினாவில் கேட்டது ஒன்றாக இருக்கும், இவர்கள் கவிதை முழுவதற்கும் பொருள் எழுதுவார்கள். வினாவில் எந்தச் சொல் உண்மையில் கேட்கிறது என்று பென்சிலால் கோடிட்டுப் பழக வேண்டும். 'அல்லது' போட்டுக் கொடுத்த இரண்டையும் எழுதுகிறவர்கள் உண்டு. இரண்டுக்கும் சேர்த்து மதிப்பெண் வராது, நேரம்தான் போகும். வினா எண்ணை மாற்றிப் போடுகிறவர்களும் உண்டு. கடிதத்தில் சொந்தப் பெயரையும் பள்ளியையும் எழுதக் கூடாது, வினாவில் தந்த முகவரியையே போட வேண்டும். எல்லாப் பாடத்துக்கும் தலையில் 'நேர்மையே சிறந்த கொள்கை' என்று மேற்கோள் சூட்டுவதை விட்டுவிடலாம். நீலம் அல்லது கறுப்பு மையில் எழுதி அடிக்கோடிட வேண்டும் என்று வினாத்தாளின் முகப்பிலேயே அச்சிட்டிருக்கிறது. அப்படியிருந்தும் எம்.சி. ரோட்டில் பச்சை ஸ்கெட்ச் வாங்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். பிழையை அடிக்க ஒரே ஒரு கோடு போதும்.

தேர்வு தொடங்குமுன் வினாத்தாளை வாசிக்க 10 நிமிடம் தருகிறார்கள். பலர் அதை முதல் பக்கத்து ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு விடை தேடுவதிலேயே கழித்துவிடுகிறார்கள். நான் என் பிள்ளைகளை நேராகக் கடைசிப் பக்கங்களுக்குப் போகச் சொல்வேன். எந்தப் பத்தியை எழுதப்போகிறோம், அதில் வரும் மூன்று செய்திகள் என்ன என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டால், கை எழுதத் தொடங்கும்போது தேட வேண்டியிருக்காது.

மார்ச் முதல் வாரத்தில் மாடியில் ஒரு முழு மாதிரித் தேர்வு வைப்பேன், மூன்று மணி நேரம், நடுவில் எழக் கூடாது. கீழே குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பவர்களின் சத்தம், தெருவில் கேரம் ஆடுகிறவர்களின் ஸ்ட்ரைக்கர் சத்தம், எல்லாம் இருக்கும். போன முறை அந்தக் காசிமேட்டுப் பையன் முதல் பத்தியைப் பதினொரு நிமிடத்தில் முடித்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து, நம்பாமல் மறுபடியும் பார்த்தான். பிறகு பக்கத்தைத் திருப்பினான்.