சுண்ணாம்பிலும் பிளீச்சிங் பவுடரிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்கழி பிற்பாதியில் திருநெல்வேலிச் சீமையில் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வேலை தொடங்கிவிடும். தாழையூத்துப் பக்கம் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல் கால்சியம் கார்பனேட். அதைச் சூளையில் ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் கரியமில வாயு நீங்கி, கால்சியம் ஆக்சைடு எனும் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. விபத்துகள் நேர்வது இதைத் தண்ணீர் சேர்த்து நீற்றும்போதுதான்.

கட்டிகளைக் குவித்து, மேலே ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றுவது முதல் தவறு. சற்று நேரம் ஒன்றும் நடவாததுபோல் இருக்கும். பிறகு கட்டி பிளந்து சீறி, கொதிக்கும் குழம்பு முகம்வரை தெறிக்கும். அகன்ற தொட்டியில் நிறையத் தண்ணீர் வைத்து, கட்டிகளைச் சிறிது சிறிதாக இறக்கி, நீண்ட கம்பால் எட்ட நின்று கிளற வேண்டும்.

எங்கள் வீட்டில் ஒருமுறை அலுமினியச் சட்டியில் நீற்றி இரவு முழுவதும் விட்டுவிட்டோம். காலையில் அதன் அடி ஊசியால் குத்தியதுபோல் பொத்துக் கிடந்தது. சுண்ணாம்பின் காரம் அலுமினியத்தை அரித்து, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜனை வெளிவிடுகிறது. இரும்புத் தொட்டியோ மண்பானையோ போதும். மெல்லிய பிளாஸ்டிக் வாளி சூட்டில் இளகிவிடும்.

கண்ணில் தெறித்தால் கசக்குவதும், எண்ணெயோ தாய்ப்பாலோ விடுவதும் பெருந்தவறு. காரம் கருவிழிக்குள் ஊடுருவிக்கொண்டே போகும் என்பதால், இமையை விரித்துப் பிடித்து, ஓடும் நீரில் 20 நிமிடமாவது கழுவியபின் உடனே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். வெற்றிலைச் சுண்ணாம்பும் இதே காரம்தான். அதன் டப்பாவைப் பிள்ளைகள் கையில் விளையாடக் கொடுக்காதீர்கள்.

சுவரில் ஒரே பூச்சாகத் தடிமனாக அடித்தால் உதிரும். காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் சுண்ணாம்பு மீண்டும் கல்லாக இறுகுகிறது. ஆகவே சுவரை நனைத்து, மெல்லிய பூச்சுகளாக அடிப்பதே நல்லது.

2023 டிசம்பரில் தாமிரபரணி கரைபுரண்டபின் எங்கள் தெருவில் பலர் பிளீச்சிங் பவுடரை அப்படியே கிணற்றில் கொட்டினார்கள். அதை வாளியில் கரைத்து, அடியில் சுண்ணாம்பு படிந்தபின், தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் விட வேண்டும். 1000 லிட்டருக்கு ஏறத்தாழ 2.5 கிராம் நல்ல பவுடர் போதும், ஒரு மணி நேரம் கழித்தே இறைக்க வேண்டும். திறந்து கிடந்த பழைய பவுடரில் குளோரின் வீரியம் குறைந்திருக்கும்.

கழிவறையில் இதைத் தூவியபின் ஆசிட் ஊற்றுவது உயிருக்கே ஆபத்து: உடனே குளோரின் வாயு எழும். அது காற்றைவிடக் கனமாதலால் தரையோரம் தங்கும். குனிந்து கழுவ முயலாமல், கதவைத் திறந்து விட்டு வெளியே வந்துவிடுங்கள்.