இங்கிலாந்து மருத்துவமனையில் சாப்ளின்: எதற்கு, எப்போது, எப்படிக் கூப்பிடுவது

இங்கிலாந்துக்கு வந்த புதிதில் ஜிபி என்ற குடும்ப மருத்துவரிடம் பெயர் பதிவது, வங்கிக் கணக்கு திறப்பது, கவுன்சில் வரி கட்டுவது எல்லாவற்றையும் யாராவது சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். மருத்துவமனையில் நோயாளிக்கும் குடும்பத்துக்கும் மனத்துணையாக, ஆன்மிகத் துணையாக இருக்க சாப்ளின் என்று ஒருவர் இருப்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அப்பாவையோ மனைவியையோ வார்டில் சேர்த்த பிறகு, கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒருவர் கட்டிலருகே வந்து, "நான் சாப்ளின், கொஞ்ச நேரம் பேசலாமா?" என்று கேட்கும்போதுதான் தெரியவரும். உடனே நம் ஆட்களுக்கு இரண்டு பயம் வரும். டாக்டர்கள் கைவிட்டுவிட்டார்கள், அதனால்தான் ஃபாதரை அனுப்பியிருக்கிறார்கள் என்பது ஒன்று. மதம் மாற்ற வந்திருக்கிறார்கள் என்பது இன்னொன்று. இரண்டுக்குமே அவசியமில்லை.

சாப்ளின் மருத்துவமனை ஊழியர். நர்ஸுக்குச் சம்பளம் கொடுக்கும் அதே என்.எச்.எஸ். டிரஸ்ட்தான், அதாவது மருத்துவமனையை நடத்தும் அரசு சுகாதாரச் சேவை அமைப்புதான், அவருக்கும் கொடுக்கிறது. 1948-இல் என்.எச்.எஸ். தொடங்கியபோதே இந்தப் பணியும் அதற்குள் வந்துவிட்டது. அப்போது பெரும்பாலும் கிறிஸ்தவப் பாதிரியார்கள்தான். இன்று பெரிய நகரத்து மருத்துவமனைகளில் ஆங்கிலிக்கன், கத்தோலிக்கப் பாதிரியார்களோடு இமாம்கள், இந்து, சீக்கிய, யூத சாப்ளின்கள் ஒரே குழுவில் வேலை செய்கிறார்கள். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் ஆள் உண்டு. 2018-இல் பக்கிங்ஹாம்ஷயர் ஹெல்த்கேர் டிரஸ்டில் ஒரு மனிதநேயவாதியே சாப்ளின் குழுவின் தலைவராக நியமிக்கப்பட்டார். யாரையும் தங்கள் மதத்துக்கு இழுக்கக் கூடாது என்பது இவர்களுடைய நடத்தை விதி. வேண்டாம் என்றால் "வேண்டாம், நன்றி" என்று சொன்னால் போதும், போய்விடுவார்கள். அதற்காக யாரும் மனம் கோணுவதில்லை.

எப்படிக் கூப்பிடுவது?

வார்டில் சேர்க்கும்போது மதம் என்ன என்று கேட்பார்கள். நம்மில் பலர் எதற்கு வம்பு என்று அதைக் காலியாக விட்டுவிடுகிறோம். சொல்லிவிடுங்கள். சாப்பாடு, குளிக்க உதவுவது ஆணா பெண்ணா, உயிர் பிரிந்தால் உடலை எப்படிக் கையாள்வது என்று எத்தனையோ விஷயத்தில் அந்த ஒரு வரி உதவும். ஆனால் மதத்தைச் சொன்னதாலேயே சாப்ளின் தானாக வந்துவிடுவார் என்று இருந்துவிடாதீர்கள். வார்டு நர்ஸிடம் "சாப்ளினைப் பார்க்க வேண்டும்" என்று வாயைத் திறந்து கேட்க வேண்டும். நோயாளியே கேட்கலாம், குடும்பமும் கேட்கலாம். பெரும்பாலான பெரிய மருத்துவமனைகளில் இரவிலும் ஒருவர் அழைப்புப் பணியில் இருப்பார். நர்ஸோ நீங்களோ மருத்துவமனை சுவிட்ச்போர்டுக்குப் போன் செய்தால் இணைப்பார்கள். அவர் வீட்டிலிருந்து கிளம்பி வரவேண்டியிருக்கும், அதனால் நிலைமை மோசம் என்றால் அதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இதற்குத் தனியாகக் கட்டணம் கிடையாது.

வருகிறவர் தமிழராக இருப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம். இந்து சாப்ளின் என்றால் பல இடங்களில் குஜராத்தியோ ஹிந்தியோ பேசுபவராக, வாரத்தில் சில நாள் மட்டும் வருபவராக இருப்பார். தேவாரம் தெரிந்த ஒருவரைத்தான் வீட்டுப் பெரியவர் கேட்கிறார் என்றால் அதையும் சொல்லுங்கள். சாப்ளின் குழுவிடம் சுற்றுவட்டாரக் கோயில், தேவாலயம், பள்ளிவாசல் தொடர்புகள் இருக்கும். லண்டன் என்றால் ஹைகேட் ஹில் முருகன், விம்பிள்டன் கணபதி, ஈலிங் கனகதுர்க்கை அம்மன், ஈஸ்ட் ஹாம் முருகன் என்று நம் கோயில்கள் பல திசைகளிலும் இருக்கின்றன. திருவிழாக் காலத்தில் குருக்களை நேரில் பிடிப்பது கஷ்டம். போனை ஸ்பீக்கரில் போட்டுக் காதருகே வைத்து ஓதச் சொல்வதும் நடக்கிறது, அதில் குறையொன்றும் இல்லை. கத்தோலிக்கர் என்றால் நோயில்பூசுதலுக்கு மருத்துவமனையின் கத்தோலிக்க சாப்ளினே வருவார். தமிழ்ப் பூசை நடக்கும் பங்கின் குருவையும் கேட்டுப் பார்க்கலாம்.

கட்டிலருகே என்னென்ன செய்யலாம்? திருநீறு, குங்குமம், சாமி படம், ஜெபமாலை, தஸ்பீஹ் எல்லாம் வைத்துக்கொள்ளலாம். கற்பூரம், ஊதுபத்தி, எண்ணெய் விளக்கு கூடவே கூடாது. ஆக்சிஜன் ஓடும் இடம் அது. பேட்டரி விளக்கு வாங்கி வையுங்கள். ஆபரேஷனுக்கு முன் தாலி, பூணூல், காப்புக் கயிறு ஆகியவற்றைக் கழற்றச் சொன்னால், டேப் போட்டு ஒட்டி வைக்க முடியுமா என்று கேளுங்கள். பல சமயம் முடியும். எம்ஆர்ஐ ஸ்கேன் என்றால் உலோகம் கழற்றித்தான் ஆகவேண்டும், அங்கே வாதாடிப் பயனில்லை. கட்டிலுக்கு இரண்டு பேர்தான் என்ற விதி நம் குடும்பங்களுக்கு ஒத்துவராது. கடைசி நேரத்தில் அதைத் தளர்த்தச் சொல்லி வார்டு மேனேஜரிடம் பேச சாப்ளின் நல்ல துணை.

அம்மாவிடம் சொல்லாதீர்கள்

நம் குடும்பங்கள் அதிகம் சிக்கிக்கொள்வது இங்கேதான். அம்மாவுக்குப் புற்றுநோய். மகன் டாக்டரைத் தனியே கூப்பிட்டு, "அவங்ககிட்ட சொல்லாதீங்க, தாங்க மாட்டாங்க" என்கிறார். ஊரில் டாக்டர் தலையாட்டிவிடுவார். இங்கே நோயாளி நிதானமாக யோசிக்கும் நிலையில் இருந்தால், அவர் உடலைப் பற்றிய தகவல் அவருக்குரியது. டாக்டர் பொய் சொல்ல மாட்டார். மகனை மொழிபெயர்க்க விட்டால் பாதியை விழுங்கிவிடுவார் என்பது அவர்களுக்கும் தெரியும், அதனால்தான் தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்கிறார்கள். அது இலவசம். நேரில் இல்லாவிட்டால் போனில் வருவார். அதை அவமானமாக எடுத்துக்கொண்டு வார்டில் சண்டை போட்ட குடும்பங்களும் உண்டு.

ஆனால் நடுவில் ஒரு வழி இருக்கிறது. "எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்? உங்களிடம் சொல்லவா, பிள்ளையிடம் சொல்லவா?" என்று முதலில் அம்மாவிடமே கேட்கலாம். "எல்லாம் தம்பிகிட்ட சொல்லுங்க, அவன் பார்த்துப்பான்" என்று அவர் சொன்னால் அதை டாக்டர்கள் மதிப்பார்கள். இந்தப் பேச்சைத் தொடங்க சாப்ளின் பொருத்தமான ஆள். ஊசியோ மாத்திரையோ அவர் கையில் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார நேரம் வைத்திருப்பார். குடும்பத்தின் பயத்தையும் கேட்பார், அம்மா மனதில் இருப்பதையும் கேட்பார். பெரும்பாலும் அம்மாவுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும், பிள்ளைகள் மனம் நோகக் கூடாது என்று அவரும் நடித்துக்கொண்டிருப்பார். இதயத் துடிப்பு நின்றுபோனால் மார்பை அழுத்தி உயிர்ப்பிக்கும் முயற்சி வேண்டாம் என்று டாக்டர்கள் பேச ஆரம்பிக்கும் நாளிலும் இவரைக் கூட்டத்தில் உட்காரச் சொல்லலாம். மருத்துவ முடிவில் அவர் தலையிட மாட்டார். உங்கள் கேள்விகள் கேட்கப்படாமல் போகாதபடி பார்த்துக்கொள்வார்.

அவரிடம் பேசுவது வெளியே போகாது. உயிருக்கு ஆபத்து, குழந்தைக்கு ஆபத்து என்றால் மட்டும் சம்பந்தப்பட்டவர்களிடம் சொல்ல வேண்டியவர் அவர்.

மரணம் நேர்ந்தால்

வாயில் துளசித் தீர்த்தம், கங்கை நீர் விடவேண்டுமா, உடலை நர்ஸ்கள் தொடும் முன் குடும்பம் வரவேண்டுமா, நூலையும் தாலியையும் அப்படியே விடவேண்டுமா, முகத்தைக் கிப்லா (மக்கா இருக்கும் திசை) பக்கம் திருப்ப வேண்டுமா என்பதையெல்லாம் உயிர் இருக்கும்போதே சாப்ளினிடமோ நர்ஸிடமோ சொல்லி நோட்டில் எழுத வையுங்கள். நடுராத்திரி வேறு நர்ஸ் இருப்பார்.

ஊர் போல அன்று மாலையே தகனம் என்பது இங்கே நடக்காது. டாக்டர் இறப்புக் காரணச் சான்று எழுத, மெடிக்கல் எக்ஸாமினர் என்ற தனி மருத்துவர் அதைச் சரிபார்ப்பார். 2024 செப்டம்பர் 9 முதல் இது சட்டம். அவர் உங்களோடும் பேசுவார், சிகிச்சையில் சந்தேகம் இருந்தால் அங்கேயே சொல்லலாம். சான்று பதிவாளருக்குப் போன பின் 5 நாளுக்குள் இறப்பைப் பதிய வேண்டும். திடீர் மரணம் என்றால், இறப்புக் காரணத்தை விசாரிக்கும் அதிகாரியான கொரோனருக்குப் போகும். அவர் பிரேதப் பரிசோதனைக்கு உத்தரவிட்டால் குடும்பம் தடுக்க முடியாது. சில இடங்களில் அறுக்காமல் ஸ்கேன் செய்யும் வசதி உண்டு, சீக்கிரம் கேளுங்கள். தகனத்துக்கு ஒரு வாரம், இரண்டு வாரம் கூட ஆகும். ஜனாஸாவை (இறுதித் தொழுகை, அடக்கம்) அவசரமாக நடத்த வேண்டியவர்கள் முஸ்லிம் சாப்ளினிடம் உடனே சொல்லிவிடுங்கள், விடுமுறை நாளில் பதிவாளரைப் பிடிக்கும் வழி அவருக்குத் தெரிந்திருக்கும்.

உறுப்பு தானம் பற்றியும் கேட்பார்கள். 2020 மே 20 முதல் இங்கிலாந்தில், மறுப்புப் பதியாத பெரியவர்கள் சம்மதித்தவர்களாகவே கருதப்படுகிறார்கள். இங்கே வசிக்க வந்து 12 மாதம் ஆகாதவர்களுக்கு இது பொருந்தாது. எப்படியானாலும் குடும்பத்திடம் பேசுவார்கள். மதம் அனுமதிக்குமா என்ற குழப்பம் இருந்தால் சாப்ளினிடம் கேட்கலாம்.

கரு கலைந்தவர்கள், குழந்தை இறந்து பிறந்தவர்கள் சாப்ளினைத் தயங்காமல் கூப்பிடுங்கள். நம் வீடுகளில் இதைப் பற்றிப் பேசாமலே மூடிவிடுவோம், பெண்தான் தனியே சுமப்பாள். பல மருத்துவமனைகள் அந்தச் சிசுவின் இறுதிச் சடங்கைச் செலவில்லாமல் ஏற்பாடு செய்கின்றன, நடத்திவைப்பது பெரும்பாலும் சாப்ளின்தான். பெயர் வைத்து வழியனுப்பவும் செய்வார். 24 வாரத்துக்கு முன் இழந்தவர்கள் அரசிடம் விண்ணப்பித்து ஒரு சான்றிதழ் பெறும் வசதியும் 2024 பிப்ரவரியில் வந்தது.

அங்கேயே வேலை செய்பவர்களுக்கு

நர்ஸாகவோ டாக்டராகவோ வேலைக்கு வந்தவர்களுக்கும் சாப்ளின் உண்டு. இரவு ஷிஃப்ட், ஊரில் விட்டுவந்த குழந்தை, அப்பாவின் சாவுக்குப் போக முடியாத குற்ற உணர்வு என்று எதையும் பேசலாம். மேனேஜர் காதுக்குப் போகுமோ என்று பயப்பட வேண்டியதில்லை. பிரார்த்தனை அறை ஊழியர்களுக்கும் திறந்திருக்கும். விசா, சம்பளம், பணியிடப் புகார் என்றால் யூனியனிடம் போங்கள், அது இவர் வேலை இல்லை.

வந்து கொஞ்சம் வேர் பிடித்த பிறகு நீங்களே தன்னார்வலராகச் சேரலாம். பல டிரஸ்ட்கள் சாப்ளின் குழுவுக்குத் தன்னார்வலர்களை எடுக்கின்றன. டிபிஎஸ் என்ற குற்றப் பின்னணிச் சோதனை இருக்கும், பயிற்சி கொடுப்பார்கள், வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கினால் போதும். ஹாரோ, குராய்டன், ஈஸ்ட் ஹாம் பக்கத்து வார்டுகளில் ஆங்கிலம் தெரியாத தமிழ்ப் பெரியவர்கள் நாள் முழுக்கக் கூரையைப் பார்த்தபடி படுத்திருக்கிறார்கள். விண்ணப்பப் படிவம் டிரஸ்டின் இணையதளத்தில் தன்னார்வலர் பகுதியில் இருக்கும். மொழிகள் என்ற கட்டத்தில் தமிழ் என்று எழுத மறக்காதீர்கள்.